இருவருக்கு மட்டும் ஓர் அறை

அத்தியாயம் 11

"ஜன்னல் ஓரம். இடது பக்கம்," என்றாள் ரிஸ்பர்.

டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பெண், ரிஸ்பருக்குப் பின்னால் நின்றவரை அப்போதுதான் கவனித்தாள். கவனித்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஐயோ பைலட்! நீங்களா? உங்களுக்கா டிக்கெட்?"

ஜேஷன் ஒகுட்டு சிரித்து வைத்தார். இருபத்தாறு வருடம் இதே கம்பெனியின் பஸ்ஸைக் கிசுமுவிலிருந்து நைரோபிக்கு ஓட்டியவர். நெடுந்தூர பஸ் டிரைவர்களை அங்கே பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கவுன்ட்டரில் அவர் சாவி வாங்கியிருக்கிறார். டிக்கெட் வாங்கியதில்லை.

"முதல் வரிசை போடும்மா. டிரைவருக்கு நேர் பின்னாடி."

"ஏழாவது வரிசை," என்றாள் ரிஸ்பர்.

"ஏன், முன்னாடி உக்காந்தா என்னவாம்?"

"முன்னாடி உக்காந்தா நீங்க ஓட்டுவீங்க."

கவுன்ட்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒகுட்டு விடவில்லை.

"சரி, ஏழாவதே இருக்கட்டும். வலது பக்கம் போடு. நைரோபி போறப்ப பள்ளத்தாக்கு வலது பக்கம்தான் தெரியும். இது கூடத் தெரியாம சீட்டு எடுக்கிறா பாரு."

"திரும்பி வர்றப்ப இடது பக்கம் தெரியும். அப்பப் பாருங்க," என்றாள் ரிஸ்பர். "நீ இடது பக்கமே போடும்மா."

ஏன் இடது பக்கம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அவருடைய வலது கண்ணில் போன பார்வை போனதுதான், இடது கண்ணில் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லி நாலைந்து மாதம் ஆகிறது. அதோடு லைசென்ஸ் போயிற்று. ஈஸ்டருக்கு முன்னால் வீட்டு வாசலில் நின்ற வெள்ளைக் காரும் போயிற்று. காரை வாங்கியவன் அதைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் வேலியில் இடித்தபோது கூட ஒகுட்டு வெளியே வரவில்லை. உள்ளே உட்கார்ந்து பால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம்தான் ரிஸ்பர் பேச்சை எடுத்தாள். கார் இல்லாவிட்டால் என்ன, பஸ்ஸில் போவோம். நைரோபியில் இரண்டு இரவு தங்குவோம். ஊருக்கு நடுவில் இருக்கும் அந்த உயரமான மாநாட்டுக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்கிறாரே, அதைப் பார்த்துவிட்டு வருவோம்.

எதற்கு இப்போது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவர் இடது ஜன்னலில் உட்கார்ந்தால் நல்ல கண் ஜன்னல் பக்கம் இருக்கும். அவள் அவருக்கு வலது பக்கம் வருவாள். அதாவது, அவருக்குத் தெரியாத பக்கம். அதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. முப்பது வருடமாகப் பார்த்த முகம்தான்.

"நைரோபில எங்க தங்குறீங்க பைலட்?" டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்.

"மக வீட்டுலதான்."

பைக்குள் போன ரிஸ்பரின் கை அங்கேயே நின்றது.

ஆட்டோ கிளம்பி, சந்தை முக்கைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"யார் வீட்டுலன்னு சொன்னீங்க?"

"வேலரி கூப்பிட்டா."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழமை. அப்புறம் நேத்தும். பொண்ணு இத்தனை தரம் கூப்பிட்டா எப்படி வேண்டாம்னு சொல்றது? மாப்பிள்ளை ரூமுக்குப் பெயின்ட் வேற அடிச்சிட்டானாம்."

"அப்ப சிஸ்டர்கிட்ட நான் சொல்லி வச்சிருக்கேனே, அந்த ரூம்?"

"வேண்டாம்னு சொல்லிடு." பிறந்த ஊர்ப் பெயரால் அவளைக் கூப்பிட்டார். "சேமேக்காரி, சொந்த மக இருக்கிற ஊர்ல விடுதியில போய்ப் படுத்தா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கார வித்தப்ப சிரிச்சதெல்லாம் இப்ப ஓஞ்சு போச்சு. ஊருக்கும் புதுசா ஏதாவது வேணும்ல?"

ஆட்டோக்காரன் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். ஒகுட்டு அவனை முறைத்துவிட்டு, "ரோட்டப் பாரு," என்றார்.

அந்த அறையைப் பிடிக்க ரிஸ்பர் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நைரோபியில் கன்னியர் நடத்தும் விருந்தினர் இல்லம் அது. ஊரின் நடுப்பகுதிக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. நடந்தே கோபுரத்துக்குப் போய்விடலாம். ஜன்னலைத் திறந்தால் ஊதாப்பூ மரம். காலையில் மணி அடித்தால் போதும், ரொட்டியும் முட்டையும் யாரோ செய்து மேசையில் வைத்திருப்பார்கள். "கல்யாணம் ஆனவங்கதானே?" என்று போனில் அந்த சிஸ்டர் கேட்டாள். "முப்பது வருஷமா சண்டை போட்டுட்டு இருக்கோம் சிஸ்டர்," என்றாள் ரிஸ்பர். அதற்கப்புறம் சிஸ்டர் வேறு சான்று கேட்கவில்லை.

வேலரியின் வீடு ஊருக்கு வெளியே. இரண்டு மட்டாட்டு வேன் மாறி, நெரிசலில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் போவதற்குள் பாதி நாள் போய்விடும். போகாமல் இருப்பதற்கு அங்கே ஆயிரம் காரணம் கிடைக்கும். குழந்தை அழும். மழை வரும். மாப்பிள்ளை கியாலோவின் சிநேகிதர்கள் சாப்பிட வருவார்கள். "அம்மா, உன் கையால மீன் பொரிச்சுத் தாயேன்," என்பாள் வேலரி.

"அந்த வீட்டுக்குள்ள நான் காலை வச்சா, நேரா அடுப்படியிலதான் வைப்பேன்," என்றாள் ரிஸ்பர்.

"மகளுக்கு ஒரு வேளை சமைச்சா தேஞ்சா போயிடுவ?"

"மகளுக்கு இருபது வருஷம் சமைச்சாச்சு. எனக்கு ரெண்டு நாள் வேணும். என்னை யாரும் அம்மான்னு கூப்பிடாத ரெண்டு நாள்."

"அதெல்லாம் பாத்துக்கலாம்," என்றார் ஒகுட்டு. பஸ் ஓட்டிய காலத்தில், வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்கும் பயணிகளிடம் இதே குரலில்தான் இதையே சொல்வார்.

ரிஸ்பர் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவளைத் தெரிந்தவர்கள் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

*

ஏரிக்கரையில் வரிசையாக இருக்கும் மீன் கடைகளில் ரிஸ்பருடையது நான்காவது. தகரக் கூரை, ஐந்து மேசை, ஒரு பெரிய இரும்புச் சட்டி. மதியக் கூட்டம் முடிந்து, சட்டியில் கடைசித் திலாப்பியா பொரிந்துகொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் டாக்சி வந்து நின்றது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் பெனினா. பெனினாவுக்குப் பின்னால் ஒரு மூட்டை.

பெனினா ஒகுட்டுவின் அக்கா. அந்தக் குடும்பத்தில் சாவு வீட்டில் யார் முதலில் நுழைய வேண்டும், யாருடைய வீட்டுக் கூரை யாருடையதற்கு அப்புறம் வேய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறவள். ஒரு வருடம் ரிஸ்பர், மூத்த ஓரகத்திக்கு முந்திக்கொண்டு சோளம் விதைத்துவிட்டாள். மழை யாருக்காகவும் நிற்காது என்று வாய்ப்பேச்சு வேறு. அது நடந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பெனினா இன்னும் அந்தச் சோளத்தை மறக்கவில்லை.

"இந்தா, இது என் பையனுக்கு," மூட்டையை இறக்க வைத்தாள் பெனினா. "நல்லாக் காஞ்ச சின்ன மீனு. நைரோபில இதெல்லாம் எங்க கிடைக்குது?"

"இவ்வளவுமா அண்ணி? நாங்க பஸ்ல போறோம்."

"பஸ்னா என்ன? மேல கட்டிப் போடு. அவன்கிட்ட கார் இருந்தப்ப நான் ஒரு தரமாவது கேட்டிருக்கேனா?"

ஒவ்வொரு தரமும் கேட்டிருந்தாள். ரிஸ்பர் அதை ஞாபகப்படுத்தவில்லை. ஒரு தட்டில் மீனும் சோளக்களியும் கீரையும் வைத்து அவள் முன்னால் நகர்த்தினாள்.

"எங்க தங்குறீங்கன்னு சொல்லு. என் பையன அங்க வந்து வாங்கிக்கச் சொல்றேன்."

ரிஸ்பர் சட்டியில் இருந்த மீனைத் திருப்பிப் போட்டாள். அது இன்னும் சிவக்கவில்லை. திருப்ப வேண்டிய அவசியமே இல்லை.

"வேலரி வீட்டுலதான் அண்ணி."

"பகல்ல அங்க இருப்பீங்க சரி. ராத்திரிக்கு?"

"ராத்திரியும் அங்கதான். மாப்பிள்ளை ரூமே ரெடி பண்ணிட்டாராம். பெயின்ட் எல்லாம் அடிச்சு."

பெனினா கையில் எடுத்த மீனைத் தட்டிலேயே வைத்தாள்.

"படுக்கவா? மாப்பிள்ளை வீட்டுலயா? மாமியார் நீயா?"

"காலம் மாறிப் போச்சுன்னு உங்க தம்பிதான் சொல்றாரு."

சரியாகக் குறி பார்த்து விடப்பட்ட வாக்கியம் அது. போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.

"எங்க அவன்? டேய் ஜேஷன்!"

ஐம்பத்தெட்டு வயதான சபை மூப்பர் ஒகுட்டு, படகுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவர், கையில் மீன் கூடையோடு ஓடி வந்தார். அந்தக் குரலுக்கு அவர் இன்றுவரை நடந்து வந்ததில்லை.

"மருமகன் வீட்டுல போய்ப் படுக்கப் போறியாமே ரெண்டு பேரும்? நீ பஸ்ஸு ஓட்டுனியா, புத்திய ஓட்டி விட்டியா?"

"அக்கா, அதெல்லாம் பழைய காலம். ஆலயத்துல நானே..."

"சரி. பழைய காலம். அப்ப நான் செத்தா என் குழிக்கு மண்ணு போட நீ வராத. அதுவும் பழைய காலம்தானே? யாராவது டிராக்டர் விட்டுத் தள்ளிக்கட்டும்."

ஒகுட்டு கூடையைக் கீழே வைத்தார்.

"பகல்ல போ. சாப்பிடு. பேரப்பிள்ளையக் கொஞ்சு. பொழுது சாஞ்சா ரெண்டு பேரும் வெளிய வந்துடணும். மருமகன் கூரைக்குக் கீழ மாமனார் மாமியார் படுத்தா அந்த வீட்டுக்கு ஆகாது. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. இளைச்சுக்கிட்டே போகும், எந்த டாக்டருக்கும் என்னன்னு தெரியாது. உனக்கு அதுதான் வேணுமா?"

"அப்படியெல்லாம் இல்ல அக்கா."

"வேற எப்படி?"

ஒகுட்டு மெதுவாகத் தலையை முழுதாகத் திருப்பி, தன் வலது பக்கம் நின்ற மனைவியைத் தேடிப் பார்த்தார்.

"நீதான் சொன்னியா?"

"அண்ணி கேட்டாங்க. பெரியவங்ககிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?"

பெனினா அதோடு விடவில்லை. இப்போதே மகளுக்குப் போன் போடு, நான் கேட்க வேண்டும் என்றாள். ரிஸ்பர் போனை ஒலிபெருக்கியில் வைத்து மேசையின் நடுவில், உப்பு பாட்டிலுக்கு அருகில் வைத்தாள்.

"அம்மா," என்றது வேலரியின் குரல். அதற்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம்.

"துணி துவைக்கிறியாடி?"

"ஆமாம்மா. சொல்லு."

"வெள்ளிக்கெழமை வர்றோம்ல. உன் வீட்டுக்குப் பகல்ல வர்றோம். ராத்திரி அங்க தங்க முடியாது. சிஸ்டருங்க வீட்டுலயே இருந்துக்கிறோம்."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"ஏம்மா?"

"ஏன்னா உனக்குத் தெரியாதா? வழக்கம்தான்."

"அத்தை பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன்டி," என்றாள் பெனினா. "நல்லா இருக்கியா? குழந்தை தவழுதா?"

"தவழுது அத்தை." மீண்டும் கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும். "அம்மா, நீ இதெல்லாம் நம்ப மாட்டியே. நீதானே சிரிப்ப."

பெனினா ரிஸ்பரைப் பார்த்தாள். பதினெட்டு வருடத்துச் சோளம் அந்தப் பார்வையில் இருந்தது.

"வயசாக ஆக நம்பிக்கை வருது," என்றாள் ரிஸ்பர்.

"கியாலோ பெயின்ட் அடிச்சிருக்காரும்மா."

"வந்து பாக்குறோம். நாலு சுவத்தையும் பாக்குறோம்."

"இப்படி வழவழன்னு பேசாத," என்று பெனினா குறுக்கே வந்தாள். "நான் சொல்ற மாதிரி சொல்லு. வீடே தீப்பிடிச்சாலும் உன் வீட்டுல ராத்திரி தங்க மாட்டேன். சொல்லு."

"அண்ணி..."

"சொல்லு. அப்பதான் பேச்சு பேச்சா இருக்கும்."

இரண்டு நாள் என்று நினைத்துக்கொண்டாள் ரிஸ்பர். ஊதாப்பூ மரத்தையும் மேசை மேல் இருக்கப்போகும் முட்டையையும் நினைத்துக்கொண்டாள்.

"வீடே தீப்பிடிச்சாலும் உன் வீட்டுல ராத்திரி தங்க மாட்டேன்."

"சரிம்மா," என்றாள் வேலரி. அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று ரிஸ்பர் எதிர்பார்த்திருந்தாள். வெறும் சரிம்மா. தண்ணீர்ச் சத்தம் நின்றது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

பெனினா தட்டை இழுத்து, விட்ட இடத்திலிருந்து மீனைச் சாப்பிட்டு முடித்தாள். முள்ளை நக்கி ஓரமாக வைத்தாள். எழுந்து கை கழுவும்போது ரிஸ்பரின் தோளைத் தட்டினாள். இத்தனை வருடத்தில் அப்படித் தட்டியது அதுதான் முதல் தடவை.

"பரவாயில்ல. உனக்கும் ஒரு நாளைக்கு விவரம் வரும்னு எனக்குத் தெரியும். மூட்டைய சிஸ்டருங்க வீட்டுல ஒரு மூலையில வை. நாத்தமே வராது."

மூட்டை இப்போதே நாறியது.

மோட்டார் சைக்கிள் மறைந்ததும் ஒகுட்டு கேட்டார்: "அக்காவ வேணும்னே கிளப்பி விட்டதானே?"

"ஆமா."

"மக மனசு?"

"ரெண்டு நாள்ல சரியாயிடும். அவ என்ன சின்னக் குழந்தையா?"

அவர் யாருக்கும் கேட்காதபடி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இடது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டிராக்டர் விட்டுத் தள்ளிக்கட்டுமாம்," என்றார்.

*

மாலையில் கடையைச் சாத்துவதற்கு முன் ஒகுட்டு ஒரு மேசையைத் துடைத்துவிட்டு, நைரோபியை அதன் மேல் வைக்க ஆரம்பித்தார்.

"இந்தா, இந்த உப்பு பாட்டில் பஸ் நிக்கிற இடம். மிளகாய்த் தூள், பக்கத்துல இருக்கிற டீக்கடை. இந்த சோடா மூடி, நாங்க டிரைவருங்க படுக்கிற லாட்ஜு."

மூன்றும் ஒரு கையகலத்துக்குள் அடங்கிவிட்டன. மேசையில் மீதி இடம் முழுக்கக் காலியாக இருந்தது.

"மத்தது?" என்றாள் ரிஸ்பர்.

"மத்தது ஊரு."

"இருபத்தாறு வருஷம் போனீங்க."

"பஸ்ஸு எங்க நிக்குமோ அது வரைக்கும் போனேன். விடிஞ்சா திரும்பி ஓட்டணும். படுப்பேனா, சுத்துவேனா?" உப்பு பாட்டிலைச் சற்று நகர்த்தி வைத்தார். "கோபுரம் அந்தக் கூரைங்களுக்கு மேல தெரியும். எந்தத் தெரு வழியாப் போகணும்னு தெரியாது."

இதை அவர் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் யார் நைரோபி போவதாக இருந்தாலும் அவரிடம்தான் வழி கேட்டுப் போவார்கள். அவரும் தயங்காமல் சொல்லி அனுப்புவார்.

ரிஸ்பர் சிரிக்கவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து மேசையின் மேல் முனையில் வைத்தாள்.

"இது நம்ம விடுதி. மேடு. சிஸ்டர்கிட்ட எல்லாம் கேட்டு வச்சிருக்கேன். இப்படி இறங்கினா ஒரு பெரிய பூங்கா. அதைத் தாண்டி ரோட்டக் கடந்தா," ஒரு காலி சோடா பாட்டிலை நட்டு வைத்தாள், "கோபுரம். வெயிலுக்கு முன்னாடி கிளம்பிட்டா நிதானமா நடக்கலாம். வர்றப்ப மேடு, அதனால பூங்காவுல உக்காந்து உக்காந்து வரணும்."

"அக்கா மூட்டை?"

"அதத்தான் யோசிக்கிறேன்."

"பஸ் நிக்கிற இடத்துல கைவண்டிக்காரங்க இருப்பாங்க. வண்டியில மூட்டைய ஏத்திட்டு நாம பின்னாடியே நடந்துக்கலாம்."

கருவாட்டு மூட்டை முன்னே போக, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு தானும் அவரும் அதன் பின்னால் ஊர்வலமாக நைரோபித் தெருவில் நடப்பதை ரிஸ்பர் நினைத்துப் பார்த்தாள். இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சவ ஊர்வலம்னு நெனச்சு நாலு பேர் கும்பிடுவாங்க," என்றாள்.

ஒகுட்டு இரண்டு சோடா மூடிகளை எடுத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. "இது நான். இது நீ." இரண்டையும் வெங்காயத்துக்குக் கீழே வைத்து, விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே பூங்காவுக்குள் விட்டார்.

"கோபுரத்து மேல கம்பி போட்டிருப்பாங்களா?" என்றார்.

"போட்டிருப்பாங்க. புடிச்சுக்கிட்டு நிக்கலாம்."

"எவ்வளவு தூரம் தெரியுமாம்?"

"வானம் தெளிவா இருந்தா மலை கூடத் தெரியுமாம்."

அவர் சிவப்பு மூடியைப் பாட்டிலின் அடியில் சேர்த்து வைத்துவிட்டு, பச்சை மூடிக்காகக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. வேலரி.

ரிஸ்பர் போனை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம், மீன் கழுவும் தொட்டிக்குப் போனாள். கோபமாக இரண்டு வார்த்தை கேட்கத் தயாராகத்தான் காதில் வைத்தாள்.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னுமா துவைச்சு முடியல?"

"இல்லம்மா."

"உங்க பக்கம் வாரத்துல ரெண்டு நாள்தானே தண்ணி விடுறாங்க? இப்படித் திறந்து விட்டா என்னத்துக்கு ஆகும்? குழாய மூடுடி."

"மூட வேண்டாம்மா. இருக்கட்டும்."

ரிஸ்பர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

வாழ்நாளில் பாதியைத் தண்ணீரில் கை வைத்துக் கழித்தவள் அவள். வேலை செய்கிற தண்ணீரின் சத்தம் வேறு, சும்மா விழுகிற தண்ணீரின் சத்தம் வேறு. துணி அடிக்கும் ஓசை இல்லை. அலசும் ஓசை இல்லை. மதியமும் இல்லை. போன வாரம் பேசியபோதும் இல்லை. வாளி நிரம்பி, அதன் மேலேயே தண்ணீர் விழுந்து வழியும் சத்தம் மட்டும். இத்தனை தரமும் அதைக் கேட்டுக்கொண்டே அவள் துணியைப் பற்றி விசாரித்திருக்கிறாள்.

"வேலரி, யார் காதுல விழக்கூடாதுன்னு குழாயத் திறந்து வச்சிருக்க?"

தண்ணீர்ச் சத்தம் இன்னும் கூடியது.

"கியாலோ வீட்டுல இருக்கானா?"

"இருக்காரும்மா. வெளிய ஹால்ல." குரல் சாதாரணமாக இருந்தது. வேண்டுமென்றே சாதாரணமாக. "நான் உன்னச் சமைக்கிறதுக்குக் கூப்பிடலம்மா. குழந்தையப் பாத்துக்கவும் கூப்பிடல. ரெண்டு நாள் நீங்க ரெண்டு பேரும் இங்க இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"என்னடி நடக்குது அங்க?"

"வந்தப்புறம் சொல்றேன். அம்மா, அந்த சிஸ்டருங்க வீட்டு ரூம் இருக்குல்ல, அதுல இன்னொரு கட்டில் போட முடியுமா? சின்னதா இருந்தாப் போதும். குழந்தை என் கூடவே படுத்துக்கும்."

ரிஸ்பர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியுமாம்மா?"

"முடியும்," என்றாள். அறையின் அளவு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது.

"அப்பாகிட்ட சொல்லாத. அவரு கோபுரம் பாக்கணும்னு சந்தோஷமா இருக்காரு." வேறு ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். "வைக்கிறேன்மா."

தண்ணீர் நின்றது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. இன்று ராத்திரியே பஸ் பிடித்துப் போய் அந்த வீட்டின் கதவைத் தட்டலாம். தட்டி, எங்கே தங்குவதாம்? வீடே தீப்பிடித்தாலும் என்று மேசை நடுவில் போனை வைத்து, நாத்தனார் முன்னால் சொல்லியாகிவிட்டது. நாளைக் காலைக்குள் அது உறவு முழுக்கத் தெரிந்திருக்கும். இனி அவள் நம்பாவிட்டாலும் அது அவளுடைய வழக்கம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"யாரு?" என்றார் ஒகுட்டு, மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேலரி."

"கோபமா இருக்காளா?"

"இல்ல. சரியாயிட்டா."

"நீ சொன்ன மாதிரியே. ரெண்டு நாள் கூட ஆகல." அவருக்கு அதில் ஒரு நிம்மதி. "வா, உக்காரு. நான் இன்னொண்ணு யோசிச்சேன். முதல் நாளே கோபுரத்துக்குப் போக வேண்டாம். பஸ் அலுப்பு இருக்கும். அடுத்த நாள் போவோம். அன்னிக்கு முழுக்க வேற வேலையே வேண்டாம்."

ரிஸ்பர் அவருக்கு வலது பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையின் ஓரத்தில் சோடா மூடிகள் சிதறிக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்தாள். வெங்காயத்துக்குப் பக்கத்தில், அவருடைய வலது முழங்கையை ஒட்டி, சத்தமில்லாமல் வைத்தாள்.

ஒகுட்டு பச்சை மூடியைப் பூங்காவிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து, பாட்டிலின் அடியில், சிவப்பு மூடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பாத்தியா? ஒரு வண்டியும் வேண்டாம். ரெண்டே பேரு. கைய வீசிட்டுப் போகலாம்."

"ஆமா," என்றாள் ரிஸ்பர்.

அவர் பார்க்காத பக்கத்தில், அவளுடைய விரல் அந்த மூன்றாவது மூடியின் மேல் அப்படியே இருந்தது.